சீசன் தொழிலை விலைக்கு வாங்குமுன்: நாட்களை எண்ணிப் பார்க்கும் முழுமையான வழிகாட்டி

படகு வாடகை, பனிச்சறுக்குக் கருவி வாடகை, மினி கோல்ஃப், கயிற்றுப் பாலச் சாகசப் பூங்கா, கூடாரத் தங்கல். வருஷத்தில் மூன்று நான்கு மாதம் மட்டும் கூட்டம் வரும் இந்தச் சின்னத் தொழில்கள் அடிக்கடி விற்பனைக்கு வருகின்றன. பார்த்தவுடன் மனசை இழுப்பவையும் இவைதான். சீசன் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போய்ப் பாருங்கள். வரிசை நிற்கும், பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடுவார்கள், கல்லாவை மூடவே நேரம் இருக்காது. அந்த ஒரு மதியத்தை வைத்து மனக்கணக்காக முழு வருஷத்தையும் பெருக்கிவிடுகிறோம். சேமிப்பு கரைந்துபோவது அந்தப் பெருக்கலில்தான்.

தெரிந்தவர்கள் வாங்க நினைத்த சில தொழில்களுக்கு உட்கார்ந்து கணக்குப் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கடைசியில் வந்து நின்ற இடம் ஒன்றே. இந்த மாதிரித் தொழிலில் காசு கொடுத்து வாங்குவது வருஷத்துக்கு முப்பது நாற்பது நல்ல நாட்களை. படகும் கூடாரமும் அந்த நாட்களைக் காசாக்கும் கருவிகள், அவ்வளவே. ஆகவே விலை பேசுமுன் மூன்று விஷயம் தெரிந்தாக வேண்டும். அந்த நாட்கள் உண்மையில் எத்தனை? அவற்றைக் கொண்டுவருவது யார், இடமா, பழைய ஓனரா, வானிலையா? தொழில் கை மாறின பிறகும் அவை வருமா? கீழே சொல்லும் படிகள் எல்லாம் இந்த மூன்றையும் தோண்டுவதற்குத்தான்.

படி 1: நாட்களை எண்ணுங்கள்

14 வார சீசன் என்றால் 98 நாள். அதில் சனி, ஞாயிறு சேர்த்து 28. மழையும் காற்றும் ஏழு நாளைக் கொண்டுபோனால் மிச்சம் 21. வார நாட்களில் வரும் கூட்டம் சம்பளத்துக்கும் வாடகைக்கும் ஈடு கட்டும். லாபம் என்று எதுவும் இருந்தால் அது அந்த 21 நாளிலும், நடுவில் வரும் சில விடுமுறை நாட்களிலும்தான் பிறக்கிறது.

எனவே விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது தினசரி விற்பனைக் கணக்கு. மாதக் கணக்கு போதாது. குறைந்தது மூன்று சீசன், முடிந்தால் ஐந்து. கணக்கு கைக்கு வந்ததும் நாட்களைப் பெரிய தொகையிலிருந்து சின்னத் தொகை வரை வரிசைப்படுத்துங்கள். மேலிருந்து கூட்டிக்கொண்டே வாருங்கள். வருஷ விற்பனையில் பாதி எத்தனையாவது நாளில் வருகிறது? அந்த எண்ணைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 18 என்று வந்தால், பதினெட்டு நாள் வானம் ஒத்துழைத்தால்தான் பிழைப்பு என்று பொருள். 35 என்று வந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

அடுத்தது கொள்ளளவு. 30 கயாக் (ஓரிருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் சின்னப் படகு), பத்து மணி நேரம், ஒரு வாடகை இரண்டு மணி நேரம் என்றால் காகிதத்தில் ஒரு நாளைக்கு 150 வாடகை. நடப்பில் அப்படி ஓடாது. காலையில் முதல் இரண்டு மணி நேரம் ஆள் வராது. திரும்பி வரும் படகைக் கழுவ வேண்டும், அடுத்தவருக்கு ஜாக்கெட் மாட்டிவிட வேண்டும், இரண்டு வார்த்தை சொல்லிக் கொடுக்க வேண்டும். 90 போனாலே அது நல்ல நாள். விற்பவரின் தாளில் 140 என்று பல நாள் இருந்தால், அது எப்படி என்று நிதானமாகக் கேளுங்கள்.

நண்பர் ஒருவருக்காக ஒரு படகு வாடகைத் தொழிலைப் பார்க்கப் போனபோது, விற்பவர் கணினியில் அடித்த மாதக் கணக்கைக் கொடுத்தார். எல்லா வருஷமும் படிப்படியாக ஏறிக்கொண்டே போனது. கல்லா மேசைக்கு அடியில் சில சுருள் நோட்டுகள் கிடந்தன. படகு எடுத்துப் போகிறவர்களின் பெயர், படகு எண், போன நேரம், வந்த நேரம். நான்கு சீசன் நோட்டு, ஈரம் பட்டு ஓரமெல்லாம் அலை அலையாகச் சுருண்டிருந்தது. அவர் அனுமதியோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வரிகளை எண்ணினோம். அதிகக் கூட்டம் வந்த நாளில் 61 வரி. ஒரு சீசனின் உச்சத்தில் ஐந்து பக்கம் தொடர்ந்து வெறுமை. தேதியும், பக்கத்தில் "காற்று" என்ற ஒரே சொல்லும் மட்டும். மாதக் கணக்கில் அந்த ஐந்து நாளின் தடமே இல்லை. அவர் பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். மாதத் தொகைக்குள் அந்த நாட்கள் புதைந்துபோயிருந்தன. ஆனால் அந்த நோட்டு இல்லாமல் விலை பேசியிருந்தால் நண்பர் நன்றாக ஏமாந்திருப்பார்.

இதில் இன்னொன்றும் புரியும். நல்ல நாளில் படகு எல்லாமே வெளியே போய்விடுகிறது, மற்ற நாளில் ஆளே இல்லை. இப்படி இருக்கும்போது "நீங்க வந்து விளம்பரம் பண்ணினா இரண்டு மடங்கா ஆக்கிடலாம்" என்று விற்பவர் சொல்வதற்கு மதிப்பு குறைவு. நல்ல நாளில் கூடுதலாக ஏற்ற இடமில்லை. உங்கள் உழைப்பால் நாளைக்கு வரப்போகும் வருமானத்துக்கு இன்றே அவருக்கு விலை கொடுக்காதீர்கள்.

படி 2: மூன்று கணக்கும் ஒத்துப்போகிறதா?

வரித் தாக்கல், வங்கிக் கணக்கு, புக்கிங் மென்பொருள் அல்லது கார்டு மெஷின் அறிக்கை. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாதம் மாதமாக ஒப்பிடுங்கள். சின்ன வித்தியாசம் சகஜம். பெரிய வித்தியாசத்துக்கு விளக்கம் வேண்டும். "கணக்கில் காட்டாத ரொக்கம் நிறைய இருக்கு" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால், சரி என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கணக்கில் காட்டின வருமானத்துக்கு மட்டும் விலை பேசுங்கள். காட்டாத பணத்தை வைத்து எந்த வங்கியும் கடன் தராது. அப்புறம், வரித்துறையிடம் ஒரு கணக்கும் உங்களிடம் ஒரு கணக்கும் சொல்பவர், இரண்டில் எதை உண்மையாகச் சொன்னார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

லாபத்தைத் திருத்துவதுதான் இந்தப் படியின் முக்கிய வேலை. விற்பவர் சில செலவுகளை லாபத்தோடு திரும்பக் கூட்டிக் காட்டுவார்: அவருடைய சொந்தக் கார், குடும்பப் பயணம், ஒரு தடவை வந்த வழக்குச் செலவு. ரசீது இருந்தால் அவை நியாயம்தான். ஆனால் கழிக்க வேண்டியதை அவர் தானாகச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும். அவருடைய மகன் சம்பளம் இல்லாமல் சீசன் முழுக்கக் கரையில் நிற்கிறானா? மனைவி புக்கிங் தொலைபேசியை எடுக்கிறாரா? அவரே எந்திரம் பழுது பார்ப்பாரா? அந்த வேலைகளுக்கு நீங்கள் ஆள் வைத்தால் ஆகும் சம்பளத்தைக் கழியுங்கள்.

கருவி மாற்றுச் செலவையும் கழியுங்கள். 30 படகு, ஒவ்வொன்றும் ஆறு சீசன் தாங்கும் என்றால் வருஷத்துக்கு ஐந்து புதுப் படகு வாங்கியாக வேண்டும். விற்க முடிவெடுத்தவர் கடைசி இரண்டு மூன்று வருஷம் புதிதாக எதுவும் வாங்கியிருக்க மாட்டார். அதனால்தான் அந்த வருஷங்களில் லாபம் கூடித் தெரியும்.

இனிமேல் ஒரே உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு போவோம். வருஷ விற்பனை 100. விற்பவர் காட்டும் லாபம் 38. சம்பளமில்லாத குடும்ப வேலைக்கு 5, கருவி மாற்றுக்கு 3 கழித்தால் உண்மை லாபம் 30. இதில் உங்கள் உழைப்புக்கான கூலியும் அடக்கம், அதை மறக்காதீர்கள்.

2020, 2021 வருஷக் கணக்கை மட்டும் தனியாகப் பாருங்கள். கொரோனா காலத்தில் சில தொழில்கள் மூடிக் கிடந்தன. வெளிப்புற விளையாட்டுத் தொழில்கள் சிலவற்றுக்கோ வேறு எங்கும் போக முடியாத மக்கள் கூட்டமாக வந்தார்கள். இரண்டுமே வழக்கமான வருஷம் இல்லை. சராசரி போடும்போது அவற்றைச் சேர்த்து ஒரு எண், விட்டு ஒரு எண் என்று இரண்டும் போட்டுப் பாருங்கள்.

படி 3: மோசமான வருஷத்தை ஓட்டிப் பாருங்கள்

சீசன் தொழிலின் குணமே இதுதான்: ஆள் வந்தாலும் வராவிட்டாலும் செலவில் பெரும்பகுதி நின்றபடியே இருக்கும். குத்தகை, இன்சூரன்ஸ், சீசன் சம்பளம், பராமரிப்பு எதுவும் மழைக்காகக் குறையாது. நம் உதாரணத்தில் விற்பனை 100, விற்பனையோடு ஏறி இறங்கும் செலவு 20, நிலையான செலவு 50, லாபம் 30. விற்பனை 15 சதவீதம் குறைந்து 85 ஆனால், ஏறி இறங்கும் செலவு 17 ஆகும். நிலையான செலவு அதே 50. லாபம் 18. விற்பனை 15 சதவீதம் சரிந்ததற்கு லாபம் 40 சதவீதம் சரிகிறது.

இதில் கடனைச் சேர்த்துப் பாருங்கள். 60 கடன் வாங்கி, 10 சதவீத வட்டியில் ஐந்து வருஷத்தில் கட்டினால் வருஷத் தவணை சுமார் 16. குடும்பச் செலவுக்கு 10 எடுக்கிறீர்கள். நல்ல வருஷத்தில் 4 மிஞ்சும். மோசமான வருஷத்தில் 8 கையைக் கடிக்கும். கடன் 40 மட்டும் என்றால் தவணை பத்தரை. மோசமான வருஷத்திலும் இரண்டரைதான் கடிக்கும். தொழில் அதே தொழில்தான், வானமும் அதே வானம்தான். நிம்மதியாகத் தூங்குவதும் தூங்காததும் நீங்கள் ஒத்துக்கொண்ட விலையில் இருக்கிறது.

15 சதவீதம் என்பது நான் சும்மா எடுத்த எண். உங்கள் எண்ணை வானிலைப் பதிவிலிருந்து எடுங்கள். அந்த இடத்துக்கு அருகிலுள்ள வானிலை நிலையத்தின் தினசரி மழை, வெப்பம், காற்றுப் பதிவைப் பத்து இருபது வருஷத்துக்குத் தேடுங்கள். பல நாடுகளில் இலவசமாகவே கிடைக்கும். விற்பவரின் தினசரி விற்பனையை அதன் பக்கத்தில் வைத்தால், எத்தனை மில்லிமீட்டர் மழைக்கு, எந்த வேகக் காற்றுக்குக் கல்லா காலியாகிறது என்று தெரிந்துவிடும். பிறகு பழைய வருஷங்களில் அப்படிப்பட்ட நாட்கள் எத்தனை வந்தன என்று எண்ணுங்கள். விற்பவர் காட்டும் மூன்று வருஷமும் ஒரே மாதிரி வானிலையில் போயிருக்கலாம். 2020 முதல் 2023 தொடக்கம் வரை பெரும்பாலும் லா நினா (பசிபிக் கடல் வழக்கத்தைவிடக் குளிரும் நிலை), அடுத்து 2023-24இல் எல் நினோ (அதே கடல் சூடேறும் நிலை). உலகின் பல பகுதிகளில் மழையும் பனியும் இவற்றோடு சேர்ந்து மாறும். மூன்று நல்ல வருஷம் அடுத்தடுத்து வந்தது தொழிலின் திறமையாலா, வானத்தின் தயவாலா என்று பிரித்துப் பார்க்க இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

படி 4: பன்னிரண்டு மாதப் பண ஓட்டம்

ஒரு பெரிய தாளில் பன்னிரண்டு கட்டம் போடுங்கள். ஒவ்வொரு மாதமும் உள்ளே வருவது, வெளியே போவது, மாதக் கடைசியில் கையில் நிற்பது. லாபத்தில் ஓடும் தொழில்கூட இந்தத் தாளில் சில மாதம் பூஜ்யத்துக்குக் கீழே போகும். எவ்வளவு ஆழத்துக்குப் போகிறது என்பதுதான் கேள்வி.

ஆழமான பள்ளம் பெரும்பாலும் சீசன் திறக்கும் வாரத்தையொட்டி இருக்கும். அதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் இன்சூரன்ஸ் பிரீமியம், குத்தகை முன்பணம், பழுது, பெயின்ட், உதிரிப் பாகம், புது ஆட்களுக்குப் பயிற்சிச் சம்பளம் எல்லாம் போய்விடும். வருமானம் இன்னும் ஆரம்பித்திருக்காது. அந்தப் பள்ளத்தின் ஆழத்தோடு கால்பங்கு கூடச் சேர்த்துக் கையில் வைத்திருக்க வேண்டும். விலைக்குப் போக மிச்சம் அந்த அளவு இல்லையென்றால், அந்த விலை உங்களுக்கு எட்டாத விலை.

சீசன் முடியும்போது கணக்கில் குவிந்திருக்கும் பணம் இன்னொரு மாயை. அதில் அடுத்த எட்டு மாதச் செலவு இருக்கிறது, கட்ட வேண்டிய வரி இருக்கிறது, கடன் தவணை இருக்கிறது. வாரா வாரம் விற்பனையில் ஒரு பங்கைத் தனிக் கணக்குக்கு மாற்றிவிடும் பழக்கத்தை முதல் வாரத்திலிருந்தே வையுங்கள். வங்கியிடம் பேசும்போது, சீசனில் பெரிய தவணையும் மற்ற மாதங்களில் வட்டி மட்டுமாகவும் கட்ட முடியுமா என்று கேளுங்கள். கேட்டால் தருபவர்கள் இருக்கிறார்கள், தாமாக முன்வந்து சொல்ல மாட்டார்கள்.

படி 5: கருவிகளைத் தொட்டுப் பாருங்கள்

பட்டியலில் "லைஃப் ஜாக்கெட் 60, நல்ல நிலை" என்று இருக்கும். நம்பிவிடாதீர்கள், ஒன்றைக் கையில் எடுங்கள். உள்ளே இருக்கும் நுரையை அழுத்திவிட்டு விடுங்கள். உடனே பழைய வடிவுக்கு வந்தால் நல்லது. கெட்டியாக, சுருங்கிப்போய் இருந்தால் மிதக்கும் சக்தி போய்க்கொண்டிருக்கிறது. துணியை விரலால் தேய்த்துப் பாருங்கள், வெயிலில் வெளுத்து நூல் பிய்கிறதா? வார்ப்பட்டையை இழுங்கள், தையல் விடுகிறதா? ஐஎஸ்ஓ 12402 போன்ற தர முத்திரை இன்னும் படிக்கும்படி இருக்கிறதா? முத்திரை அழிந்த ஜாக்கெட்டை விபத்துக்குப் பிறகு காட்டினால் யாரும் ஏற்க மாட்டார்கள். பத்து ஜாக்கெட்டை இப்படிப் பார்த்தால் மற்ற ஐம்பதின் கதையும் தெரியும், அந்த ஓனர் எப்படிப்பட்டவர் என்பதும் தெரியும்.

பிளாஸ்டிக் கயாக்குக்கு எதிரி வெயில். மேற்பரப்பு சுண்ணாம்பு பூத்த மாதிரி வெளுத்திருந்தால் பிளாஸ்டிக் உடையும் பதத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. கவிழ்த்து வைத்து இருக்கைக்கு நேர் கீழேயும், தண்ணீர் வடியும் துளைகளைச் சுற்றியும் விரிசல் தேடுங்கள்.

படகு இன்ஜினை நீங்கள் போகும்போது குளிர்ந்த நிலையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்தால், முதல் முறை ஸ்டார்ட் ஆகச் சிரமப்படும் குறை மறைந்துவிடும். கியர் ஆயிலில் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் இறங்குகிறது. மெக்கானிக்கை வைத்து எல்லா சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளந்தால், ஒன்றுக்கொன்று 10-15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

கயிற்றுச் சாகசப் பூங்கா என்றால் உங்கள் கண் போதாது, சான்று பெற்ற ஆய்வாளர் வேண்டும். ஐரோப்பிய நாடுகளில் இதற்கு ஈஎன் 15567, காற்றடித்த விளையாட்டுச் சாதனங்களுக்கு ஈஎன் 14960 என்று தரநிலைகள் உண்டு. மற்ற நாடுகளிலும் இணையான விதிகள் இருக்கும். கடந்த வருஷங்களின் ஆய்வு அறிக்கைகளைக் கேளுங்கள். ஒவ்வொரு வருஷமும் அதே குறை திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தால், சரிசெய்யும் செலவு உங்களுக்காகக் காத்திருக்கிறது. இடுப்புப் பட்டை, கயிறு போன்ற துணிப் பொருட்களுக்குத் தயாரிப்பாளர்கள் அதிகபட்ச ஆயுள் குறித்திருப்பார்கள், பெரும்பாலும் பத்து வருஷம். உபயோகிக்காமல் பெட்டியில் இருந்தாலும் அந்தக் காலம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். பனிச்சறுக்கில் பைண்டிங்கை, அதாவது பூட்ஸைச் சறுக்குப் பலகையோடு பிணைக்கும் பூட்டை, பாருங்கள். தயாரிப்பாளர் ஆதரவு முடிந்த மாடல்களைப் பொறுப்புள்ள கடைகள் சரிசெய்து தர மறுப்பார்கள்.

ஒவ்வொரு கருவியின் எண்ணையும் குறித்து, அது உண்மையில் விற்பவருக்குச் சொந்தமா, கடனில் அடமானமாக இருக்கிறதா என்று வக்கீல் மூலம் தேடச் சொல்லுங்கள்.

படி 6: இடமும் அனுமதியும்

இது சின்னப் படிதான். ஆனால் இங்கே "இல்லை" என்று பதில் வந்தால் மற்ற எல்லாப் படியும் வீண். கரையோ காடோ மலைச்சரிவோ, பெரும்பாலும் அரசுடையது அல்லது வேறொருவருடையது. குத்தகையையும் அனுமதியையும் வாங்குபவர் பெயருக்கு மாற்ற முடியுமா? பல அனுமதிகள் ஆளுக்குக் கொடுக்கப்படுபவை, தொழிலோடு சேர்ந்து வராது. எத்தனை வருஷம் மீதி இருக்கிறது? கடன் ஐந்து வருஷம், குத்தகை இரண்டு வருஷம் என்றால் கணக்கு இடிக்கிறது. விற்பவர் சொல்வதைக் கேட்டு நிறுத்தாமல், நில உரிமையாளரையும் அனுமதி தரும் அலுவலகத்தையும் நேரில் பார்த்து எழுத்தில் வாங்குங்கள். வண்டி நிறுத்துமிடம் யாருடையது என்றும் கேளுங்கள். பக்கத்து நிலத்துக்காரர் வாய்மொழியாக விட்டுக்கொடுத்த இடமாக இருந்தால், ஓனர் மாறினதும் வேலி போட்டுவிடுவார்.

படி 7: விபத்தும் இன்சூரன்ஸும்

விற்பவர் கட்டும் பிரீமியத்தை உங்கள் கணக்கில் போடாதீர்கள். உங்களுக்கு அனுபவம் இல்லை என்பதால் அதிகம் கேட்கலாம், சில கம்பெனிகள் தரவே மறுக்கலாம். வாங்க ஒப்புக்கொள்ளுமுன் உங்கள் பெயருக்கு எழுத்தில் விலை வாங்குங்கள். இன்சூரன்ஸ் கம்பெனி தரும் கடந்த ஐந்து வருஷ இழப்பீட்டு வரலாற்றையும், விற்பவரின் விபத்துப் பதிவேட்டையும் கேளுங்கள். பதிவேட்டில் ஒன்றுமே இல்லை என்றால் எனக்குச் சந்தேகம்தான் வரும். தண்ணீரிலும் பனியிலும் உயரத்திலும் நடக்கும் தொழிலில் சிராய்ப்பு, சுளுக்கு இல்லாமல் சீசன் முடியாது. எழுதி வைக்காதவர் கவனிக்காதவர்.

வாடிக்கையாளர் கையெழுத்திடும் பொறுப்பு விலக்குப் படிவத்தை வக்கீலிடம் காட்டுங்கள். பிள்ளைக்காகப் பெற்றோர் போடும் கையெழுத்து பல இடங்களில் நீதிமன்றத்தில் நிற்காது. வாடிக்கையாளர்களில் பாதி பேர் பிள்ளைகள் என்றால் இது சின்ன விஷயம் இல்லை.

படி 8: ஆட்கள், பழைய ஓனர் உட்பட

அந்த நல்ல நாட்களைக் கொண்டுவருவது யார் என்று ஆரம்பத்தில் கேட்டோம். இப்போது பதில் தேடுங்கள். புக்கிங் பட்டியலை எடுத்து எங்கிருந்து வருகிறார்கள் என்று பிரியுங்கள்: தேடி வருபவர், வழியில் பார்த்து நிற்பவர், பள்ளி அல்லது நிறுவனக் குழு, வருஷா வருஷம் வரும் குடும்பம். வழியில் பார்த்து வருபவர்கள் இடத்துக்காக வருகிறார்கள், உங்களிடமும் வருவார்கள். குழுக்கள் பெரும்பாலும் ஓனரின் பழக்கத்தில் வருபவை. பெரிய குழு ஒன்றே விற்பனையில் கால்வாசி என்றால், அந்தக் குழுவின் பொறுப்பாளரிடம் பேசாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சீசன் வேலையாட்களில் எத்தனை பேர் போன வருஷமும் இருந்தவர்கள்? எல்லாம் தெரிந்த ஒருவர் நிச்சயம் இருப்பார், எந்தப் படகு இடப்பக்கம் இழுக்கும், எந்தப் பூட்டு எப்படித் திறக்கும் என்று தெரிந்தவர். அவர் தொடர்ந்து இருப்பாரா என்று விற்பவர் சம்மதத்தோடு அவரிடமே கேளுங்கள்.

முடிந்தால் வாங்குமுன் ஒரு சனி, ஞாயிறாவது கூலி வாங்காமல் அங்கே வேலை செய்யுங்கள். காலை திறப்பதிலிருந்து இரவு ஈர ஜாக்கெட்டைக் கொடியில் காயப்போடுவது வரை. ஏன் விற்கிறார் என்ற கேள்விக்கு அவர் வாயால் வராத பதில், அந்த இரண்டாம் நாள் சாயங்காலம் உங்கள் முதுகிலேயே தெரியலாம். பக்கத்துக் கடைக்காரர்களிடமும் பேச்சுக் கொடுங்கள். புதுச் சாலை வருகிறதா, ஏரியில் பாசி ஏறுகிறதா, பெரிய போட்டியாளர் இடம் பார்க்கிறாரா என்பதெல்லாம் அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

படி 9: விலை

ஓனரே நின்று நடத்தும் சின்னத் தொழில்கள் பொதுவாகத் திருத்திய வருஷ லாபத்தின் இரண்டு முதல் மூன்று மடங்குக்குக் கை மாறுகின்றன. குத்தகை குறுகியது, கருவி பழையது, வருமானம் ஒரு மாதத்தில் குவிகிறது என்றால் இரண்டுக்கும் கீழே. நம் உதாரணத்தில் விற்பவர் 38ஐ மூன்றால் பெருக்கி 114 கேட்பார். உங்கள் கணக்கில் 30ஐ இரண்டு, இரண்டரையால் பெருக்கினால் 60 முதல் 75. முதல் சீசனுக்குமுன் செய்தே ஆக வேண்டிய பழுது 8 என்றால் அதையும் கழியுங்கள். இந்த இடைவெளியைச் சண்டையாக்க வேண்டாம். நோட்டையும் தாளையும் மேசையில் வைத்து ஒவ்வொரு வரியாகக் காட்டுங்கள். நியாயமானவர் இறங்கி வருவார். வராவிட்டால் எழுந்து வர உங்களுக்கு மனசு வேண்டும். அந்த மனசு வர, மனசுக்குள் அந்தப் படகுகளுக்குப் பெயர் வைக்கத் தொடங்குமுன்பே இந்தக் கணக்கை முடித்திருக்க வேண்டும்.

விலையில் படகு, கருவி போக மீதி குட்வில், அதாவது தொழிலின் பெயருக்கும் வாடிக்கையாளர் பழக்கத்துக்கும் கொடுக்கும் காசு. கருவிகளைத் தனித்தனியாக விற்றால் என்ன வரும் என்றும் ஒரு தொகை எழுதி வையுங்கள். தொழில் ஓடாவிட்டால் உங்களுக்குத் திரும்பக் கிடைப்பது அதுதான்.

படி 10: ஒப்பந்தமும் கை மாறும் தேதியும்

கம்பெனியை அப்படியே வாங்கினால் அதன் பழைய கடன், பழைய விபத்து வழக்கு எல்லாம் கூடவே வரும். சொத்துகளை மட்டும் வாங்குவது சின்னத் தொழிலுக்குப் பெரும்பாலும் பாதுகாப்பு. அனுமதி கம்பெனி பெயரில் இருந்து மாற்ற முடியாமல் போனால் மட்டும் வேறு வழி யோசிக்க வேண்டிவரும். இதை ஆடிட்டரும் வக்கீலும் சேர்ந்து முடிவு செய்யட்டும்.

சீசன் முடிந்தவுடன் வாங்கினால் பழுது பார்க்கவும் கற்றுக்கொள்ளவும் நேரம் கிடைக்கும், ஆனால் பல மாதம் வருமானமில்லாமல் தாங்க வேண்டும். சீசனுக்குச் சற்றுமுன் வாங்கினால் பணம் சீக்கிரம் வரும், தயாராக நேரம் இருக்காது. இரண்டுக்கும் நியாயமான விலை ஒன்றல்ல. முதலாவதில் இடை மாதச் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். இரண்டாவதில் இன்னொரு கண்ணி உண்டு: அடுத்த சீசனுக்கு விற்பவர் ஏற்கெனவே வாங்கிவிட்ட முன்பதிவுப் பணம், சீசன் பாஸ், பரிசுக் கூப்பன். பணம் அவர் செலவழித்தது, சேவை நீங்கள் தர வேண்டியது. ஒவ்வொன்றையும் பட்டியலிட்டு விலையில் கழிக்க வேண்டும்.

விலையில் ஒரு பகுதியை, பத்து முதல் இருபது சதவீதம், முதல் சீசன் முடியும்வரை வக்கீல் கணக்கில் நிறுத்தி வைக்க முடியுமா பாருங்கள். இன்னொரு பகுதியை விற்பவருக்கே தவணையாகக் கட்டுவது இன்னும் நல்லது. தன் தொழிலில் நம்பிக்கை உள்ளவர் அதற்கு ஒத்துக்கொள்வார், சீசன் நடுவில் நீங்கள் தொலைபேசி செய்தாலும் எடுப்பார். எத்தனை நாள் கூட நின்று கற்றுத்தருவார், எத்தனை வருஷம் எவ்வளவு தூரத்துக்குள் போட்டித் தொழில் தொடங்கமாட்டார் என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும்.

படி 11: கை மாறும் வாரம்

பழைய தொலைபேசி எண்ணையும் இணையதளப் பெயரையும் வரைபடச் செயலியிலுள்ள பக்கத்தையும் உங்கள் பெயருக்கு மாற்றிய பிறகே கடைசிப் பணத்தைக் கொடுங்கள். அந்த எண் ஐந்து வருஷத்துக்கு முன் வந்த குடும்பத்தின் கைபேசியில் இருக்கிறது. புக்கிங் மென்பொருள், கார்டு மெஷின், வாடிக்கையாளர் பட்டியல், கடவுச்சொற்கள். எல்லாச் சாவியையும் ஒவ்வொரு பூட்டாகத் திறந்து பாருங்கள். எல்லாக் கருவியையும் எண் தெரியப் படமெடுங்கள்.

அப்புறம் அந்தச் சுருள் நோட்டுகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பழைய குப்பை என்று தூக்கிப் போடப் பார்ப்பார்கள். அடுத்த சீசனில் எந்த வாரத்துக்கு எத்தனை ஆள் வைப்பது என்று முடிவு செய்ய, முதல் வருஷம் உங்களிடம் இருக்கப்போவது அது ஒன்றுதான்.